கடைசி நாலு பார் லைட் மட்டும் துடிக்கிறதா? முதலில் டெர்மினேட்டரைப் பாருங்கள்

வணக்கம். மேடையில் வரிசையாக 18 எல்இடி பார் லைட், கடைசி நாலு மட்டும் தானாகத் துடிக்கிறது, லைட்டை மாற்றிப் போட்டாலும் அதே இடத்தில்தான் துடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் கோளாறு லைட்டில் இல்லை, லைட்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் கேபிள் லைனில் இருக்கிறது.

லைட்டுகளைக் கட்டுப்படுத்தும் டிஎம்எக்ஸ் சிக்னல் அந்த லைனில் நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் ஓடுகிறது. கேபிளின் முனை சும்மா திறந்து கிடந்தால் சிக்னல் அங்கே மோதித் திரும்பி வரும். வருகிற டேட்டாவோடு கலந்து அதைக் கெடுக்கும். கடைசி லைட்டின் அவுட்டில், சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு டெர்மினேட்டர் செருகுங்கள். எக்ஸ்எல்ஆர் பிளக்கில் (மைக் கேபிளில் வரும் வட்டமான பிளக்) 2-வது, 3-வது பின்னுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். பற்றவைக்க ஐந்து நிமிடம் போதும்.

அதிலும் அடங்கவில்லையென்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். மைக் கேபிள் அதே பிளக்கில் கச்சிதமாக உட்காரும், குட்டை லைனில் வேலையும் செய்யும்; அதனால்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். டிஎம்எக்ஸுக்கென்று வரும் 120 ஓம் கேபிளையே போடுங்கள்.

நடுவில் எங்காவது ஒய் கேபிள் வைத்துப் பிரித்திருந்தால் தயவுசெய்து இன்றைக்கே கழற்றிவிடுங்கள். பிரிக்க வேண்டுமானால் அதற்கென்று இருக்கும் கருவியான ஸ்ப்ளிட்டர்தான். டெர்மினேட்டர் போட்டதும் என்ன ஆனது என்று கட்டாயம் எழுதுங்கள்.