இதுகூட உனக்கு வரலையா?

அன்புள்ள சார்,

எனக்கு வயது 41. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறேன். பள்ளி நாட்களில் விளையாடிய காண்ட்ரா என்ற வீடியோ கேமை இன்றும் வாரத்தில் இரண்டு இரவாவது விளையாடுகிறேன். மகனுக்கு வாங்கிக் கொடுத்த பெட்டியில் சினிமா மாதிரியே கேம்கள் இருந்தும் என் மனம் இதற்குத்தான் போகிறது. இது வெறும் பழைய ஞாபகமா? கதை என்று பெரிதாக ஒன்றுமே இல்லாத ஒரு விளையாட்டை மனிதர்கள் ஏன் இவ்வளவு நேசிக்கிறார்கள்? வீடியோ கேமைக் கலை என்று சொல்லலாமா? மனைவி "இந்த வயசுல இது தேவையா" என்கிறார். எனக்கும் வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மகன் (வயது 12) ஹாலோ நைட் என்ற கேமில் மேன்டிஸ் லார்ட்ஸ் வரும் இடத்தில் பத்து நாளாகத் தோற்றுக்கொண்டே இருந்தான். ஒருநாள் "இதுகூட உனக்கு வரலையா" என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து என் முன்னால் விளையாடுவதில்லை. அவனுக்கு அடுத்து என்ன கேம் வாங்கித் தரலாம் என்றும் சொல்லுங்கள்.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் நான்கைந்து கேள்விகள் இருக்கின்றன. ஆனால் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி. அதற்கு வருகிறேன். மற்றவற்றை முதலில் முடித்துவிடலாம்.

கலையா இல்லையா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. வாரம் இரண்டு இரவு மனம் ஒன்றி உட்கார யாருடைய சான்றிதழும் வேண்டாம். மனைவி சொல்வது நேரத்தைப் பற்றி என்றால், அதாவது வீட்டு வேலை அவர் தலையில் விழுகிறது என்றால், உடனே கேளுங்கள், அவர் சொல்வதுதான் சரி. வயதைப் பற்றி மட்டும்தான் என்றால் விட்டுவிடுங்கள். அப்புறம் பழைய ஞாபகம். அதுதான் காரணம் என்றால் காண்ட்ரா வந்த அந்தக் கேசட்டில் இருந்த எல்லா விளையாட்டும் உங்களைக் கூப்பிட வேண்டுமே. மேலே '9999 இன் 1' என்று போட்டு, உள்ளே அதே பத்துப் பதினைந்தை வேறு வேறு பெயரில் அடுக்கியிருப்பார்கள். அதில் எத்தனை இப்போது ஞாபகம் இருக்கிறது? ஒரே வீடு, ஒரே வயது, ஒரே கோடை விடுமுறை, அதில் ஒன்று மட்டும் 41 வயது வரை கூட வருகிறது என்றால் காரணம் அந்த விளையாட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

சென்ற மாதம் உறவுக்காரப் பையன் ஒருவனுக்காகப் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆசிரியை அவன் விடைத்தாளை விரித்து வைத்து, பக்கத்தில் நாலு பெற்றோர் நிற்கிறார்கள் என்பதைப் பற்றிக் கவலையே இல்லாமல், ஒவ்வொரு தப்பையும் சத்தமாகப் படித்தார். பையன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். எந்தத் தப்பையும் எப்படிச் சரி செய்வது என்று கடைசி வரை ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. அன்றிலிருந்து தோற்பதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

என் முடிவு இது. நம்மைக் கௌரவமாகத் தோற்க விட்ட விளையாட்டைத்தான் நாம் நேசிக்கிறோம். ஜெயிக்க வைத்ததை எல்லாம் சீக்கிரம் மறந்துவிடுகிறோம்.

காண்ட்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் கொனாமி நிறுவனம் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரத்துக்குச் செய்தது, அடுத்த வருடம் வீட்டு டிவியில் செருகும் ஃபேமிகாமுக்கு வந்தது. நம் ஊருக்கு வந்தவை பெரும்பாலும் அந்தப் பெட்டியின் நகல்கள், நாம் டிவி கேம் என்றோம். ஒரு குண்டு பட்டாலே ஆள் காலி, மொத்தம் மூன்று உயிர். இவ்வளவு கறாரான ஒன்றின் மேல் ஏன் கோபம் வரவில்லை? அடுத்த முறை கவனித்துப் பாருங்கள், எதிரியின் குண்டு கண்ணால் பின்தொடரும் வேகத்தில்தான் வரும். தாவலாம், படுக்கலாம், முதல் ஸ்டேஜில் தண்ணீருக்குள் முங்கிக்கூடத் தப்பலாம். சுவரில் இருக்கும் பீரங்கி நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். அதனால் செத்த அந்த நொடியிலேயே எதனால் செத்தோம் என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. பரமபதத்தில் பாம்பு கடித்தால் அது தாயக்கட்டை செய்த வேலை, நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இங்கே தப்பு நம்முடையது, அதைத் திருத்திக்கொள்ளும் வழியும் கண் முன்னாலேயே இருக்கிறது. தேர்வில், வேலையில், கடன் கேட்கப் போகும் இடத்தில் எங்காவது இப்படி நடக்கிறதா? ஏன் தோற்றோம் என்றே தெரியாமல்தான் நம்மில் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்புகிறோம்.

ஃபேமிகாமைச் செய்த நிண்டெண்டோ நிறுவனத்தில் ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் 1985இல் செய்த சூப்பர் மாரியோவின் முதல் அரை நிமிடத்தைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுக்காது. மொத்த விளையாட்டும் 40 கிலோபைட், இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. எப்படி விளையாடுவது என்று ஒரு வரிகூடத் திரையில் வராது. மாரியோ இடது ஓரமாக நிற்கிறான், வலது பக்கம் காலியாக இருக்கிறது, கை தானாக அந்தப் பக்கம் போகிறது. முறைத்த முகத்தோடு காளான் மாதிரி ஒன்று நடந்து வருகிறது. தாவத் தெரியவில்லை என்றால் சாவு, ஆனால் இழந்தது சில நொடி நடைதான். அடுத்த முறை தாவிவிடுகிறோம். கேள்விக்குறிக் கட்டையைத் தலையால் முட்டினால் இன்னொரு காளான் வெளியே வருகிறது, இது நல்ல காளான், ஆளைப் பெரியவனாக்கும். ஆனால் இப்போதுதான் காளான் மாதிரி ஒன்றால் செத்தவன் அதைப் பார்த்துப் பயந்து ஓடப் பார்ப்பான் இல்லையா? அதற்காகவே அது வலது பக்கம் ஓடிக் குழாயில் மோதி அவனை நோக்கித் திரும்பி வருகிற மாதிரியும், தலைக்கு மேலே செங்கல் இருப்பதால் தாவினாலும் அதன் மேலேயே விழுகிற மாதிரியும் அமைத்திருக்கிறார்கள். பயந்தவனுக்கும் பரிசு கிடைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், கே. முகம் தெரியாத ஒரு பிள்ளையின் பயத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யோசித்த பெரியவர்களை நான் என் பள்ளிக்கூடத்தில் பார்த்ததில்லை.

எங்கள் ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் விடைத்தாளைக் குறைந்த மதிப்பெண்ணில் ஆரம்பித்து மேலே போகும் வரிசையில் கொடுப்பார். பெயர் எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு நல்லது. முதல் பெயர் பெரும்பாலும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுடையது. அவன் எழுந்து போய் வாங்கி வரும் வரை வகுப்பு சிரிக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டின் முன்னறைக்குப் போவோம். ஓர் அக்கா இரண்டு டிவி வைத்து மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு விளையாட விடுவார். காண்ட்ராவின் மூன்றாவது ஸ்டேஜ், அருவி, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கீழேயிருந்து பாறைப் பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். இரண்டு பேர் விளையாடும்போது ஒருவன் வேகமாக ஏறினால் திரை அவனோடு மேலே போய்விடும், கீழே நிற்பவன் திரைக்கு வெளியே விழுந்து சாவான். எதிரி சுடவே வேண்டாம், கூட வருகிறவனின் அவசரமே கொன்றுவிடும். என்னை அப்படி எத்தனையோ பேர் கொன்றிருக்கிறார்கள், வகுப்பில் முதல் மூன்று ராங்க் வாங்கியவர்கள் உட்பட. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவன் மட்டும் ஒரு பாறையில் நின்று, மேலிருந்து வருவதை எல்லாம் சுட்டுக்கொண்டே, "மெதுவா வாடா, நான் ஏறல" என்பான். நான் தவறி விழுந்தால் ஒன்றும் சொல்ல மாட்டான். அவன் அந்த அறையில் தோற்றுத் தோற்றுத்தான் அவ்வளவு நன்றாக ஆடக் கற்றுக்கொண்டான். வகுப்பில் ஒரு கணக்கை அவனுக்காக இரண்டாம் முறை யாரும் போட்டுக் காட்டியதில்லை. அந்த அருவி அவனுக்கு அதே பாறைகளைக் கேட்ட போதெல்லாம் முகம் சுளிக்காமல் காட்டியது.

காண்ட்ராவில் முப்பது உயிர் தரும் அந்த மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் என்ற பொத்தான் வரிசை உங்கள் விரலுக்கு இன்னும் தெரிந்திருக்கும். அது முதலில் கிரேடியஸ் என்ற வேறொரு விளையாட்டுக்காக 1986இல் வைக்கப்பட்டது. அதை ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்த கசுஹிசா ஹாஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கும்போது தனக்கே அது கஷ்டமாக இருந்ததால் இந்தக் குறுக்கு வழியைப் போட்டுக்கொண்டார். 2020இல் இறந்துபோனார். செய்தவருக்கே கை வராத விளையாட்டு அது.

கடினமான விளையாட்டை இன்றைய பிள்ளைகள் தொட மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹிதேடாகா மியாசாகி என்ற ஜப்பானியர் இயக்கிய டார்க் சோல்ஸ் 2011இல் வந்தது, ஆளைச் சாகடித்துக்கொண்டே இருக்கும் விளையாட்டு அது. அதே மனிதரின் எல்டன் ரிங் 2022இல் வெளியாகி ஒரு வருடத்துக்குள் 2 கோடிப் பிரதிகள் விற்றது. இவருடைய விளையாட்டுகளில் ஒருவர் செத்த இடத்தில் தரையில் ரத்தக் கறை இருக்கும், அதைத் தொட்டால் அந்த முகம் தெரியாத ஆள் எப்படிச் செத்தான் என்று நிழலாகத் தெரியும். இன்னொருவன் "முன்னால் பள்ளம்" என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பான். பனி கொட்டிய ஒரு நாளில் மேட்டில் ஏற முடியாமல் கார்கள் வரிசையாக நின்றபோது, பின்னால் நின்ற கார் முன்னால் நின்றதை முட்டித் தள்ளி உதவியதாகவும், அந்த அந்நியர்களுக்கு நன்றி சொல்ல முடியாமலே போனதிலிருந்துதான் இந்த யோசனை வந்ததாகவும் மியாசாகி ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். தோற்பவனைத் தனியாக விடக்கூடாது என்று நினைத்த ஒருவர் செய்த விளையாட்டு. அதை ஏன் நேசிக்கிறார்கள் என்று கேட்டால் நான் வேறு என்ன சொல்ல?

ஒன்றை மட்டும் தள்ளி வைத்துவிடுகிறேன். உயிர் தீர்ந்துவிட்டது, அரை மணி நேரம் காத்திரு இல்லை காசு கொடு என்று கேட்கும் கைப்பேசி விளையாட்டுகளும் ரம்மி செயலிகளும் இதில் சேராது. அங்கே உங்கள் தோல்விதான் சரக்கு. மகனை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இப்போது உங்கள் அந்த வரிக்கு வருகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொல்லப்போகிறேன்.

"இதுகூட உனக்கு வரலையா." அவன் எங்கே நிற்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? ஹாலோ நைட்டை 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சின்னக் குழு செய்தது. மேன்டிஸ் லார்ட்ஸ் என்பவர்கள் மூன்று சகோதரிகள், கும்பிடுபூச்சி இனத்துத் தலைவிகள். முதலில் ஒருத்தி வருவாள். தரையோடு பாய்வாள், தலைக்கு மேலிருந்து ஈட்டியோடு இறங்குவாள், சுவரில் ஒட்டிக்கொண்டு வளைந்து திரும்பும் ஆயுதத்தை வீசுவாள். மொத்தம் இந்த மூன்று வகைதான், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன அசைவு இருக்கும், அதைப் படிக்கக் கற்க வேண்டும். அவளை வீழ்த்தினால் மற்ற இருவரும் ஒன்றாக எழுந்து வருவார்கள். புதிதாக ஒன்றும் செய்ய மாட்டார்கள், அதே மூன்று வகைதான், ஆனால் இரண்டு பக்கமிருந்தும். பத்து நாளில் உங்கள் மகன் அந்த அசைவுகளைப் பாதிக்கு மேல் கண்ணுக்குள் வாங்கியிருப்பான். ஜெயித்தால் என்ன நடக்கும் தெரியுமா? அவர்கள் அவனைப் பார்த்துத் தலை வணங்குவார்கள். அதுவரை கண்ட இடத்தில் பாய்ந்த அந்த ஊரின் பூச்சிகள் அதற்கப்புறம் அவன் மேல் கை வைக்காது, அவன் கடந்து போகும்போது வணங்கி நிற்கும். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அப்படி ஒரு மரியாதையை இந்த ஊரில் வேறு யார் கொடுக்கப்போகிறார்கள்? அந்த நிமிடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பை ஒரே கேள்வியில் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இத்தனைக்கும் நீங்கள் வாரம் இரண்டு இரவு, யாரும் எதுவும் சொல்லாத ஓர் இடத்தில் நிம்மதியாகச் செத்துப் பிழைக்கப் போகிறவர். உங்களுக்கு வேண்டியிருக்கும் அந்த நிம்மதி அவனுக்கு வேண்டாமா? இந்தக் கேள்வியை நீங்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களிடமும் யாரோ கேட்டிருப்பார்கள், அநேகமாக ஒரு வாத்தியார், இல்லை அப்பா. வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வெட்கம் அங்கிருந்து வந்ததுதான். உங்கள் மேல் எனக்கு அன்பு இருப்பதால் சொல்கிறேன், அதை அவனிடம் கொடுக்காதீர்கள்.

போய் "அன்னைக்கு அப்படிக் கேட்டது தப்புப்பா" என்று நேராகச் சொல்லுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டாம். சொல்லிவிட்டு, அந்த இரண்டு பேர் சேர்ந்து வரும்போது என்ன செய்வது என்று அவனிடம் கேளுங்கள். அவன் சொல்லிக் கொடுத்தபடி நீங்களும் ஒரு முறை ஆடித் தோற்றுப் பாருங்கள், நிச்சயமாகத் தோற்பீர்கள்.

அடுத்து என்ன கேம் என்று கேட்டிருந்தீர்கள். இப்போது எதுவும் வேண்டாம். ஹாலோ நைட்டிலேயே அவனுக்கு இன்னும் வெகு தூரம் இருக்கிறது. அடுத்த பாகம் சில்க்சாங் 2025 செப்டம்பரில் வந்திருக்கிறது, இதைவிடக் கடினம். இதை முடித்ததும் அவனே கேட்பான், அப்போது வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்.