உச்சிச் சிகரங்களை விட்டுச் சிறிய மலைகளுக்கு: எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: எனக்கு 48 வயது. நண்பர்களுடன் மலையேற்றம் செல்வது வழக்கம். 3,500 மீட்டரைத் தாண்டிய இரண்டு பயணங்களிலும் தலைவலியும் குமட்டலும் வந்து பாதியிலேயே இறங்கிவிட்டேன். இறக்கத்தில் முழங்காலும் வலிக்கிறது. நண்பர்கள் அடுத்து இன்னும் உயரமான சிகரத்துக்குத் திட்டமிடுகிறார்கள். நான் ஆயிரம் மீட்டர் அளவிலான மலைகளுக்கு மாறிவிடலாமா? அவற்றில் மலையேறிய நிறைவு கிடைக்குமா? எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தாராளமாக மாறலாம். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். உங்களுக்கு வந்தது உடல் வலுவின் குறை அல்ல. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. 5,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் இது ஒவ்வாமல் போகலாம். நாள்தோறும் ஓடிப் பழகிய இளைஞர் படுத்துவிடுவதும், நிதானமாக நடக்கும் முதியவர் மேலே சென்றுவிடுவதும் மலைகளில் சாதாரணம். ஒருமுறை பாதிக்கப்பட்டவர் அதே வேகத்தில் ஏறினால் மறுபடியும் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். என்றாவது மீண்டும் நண்பர்களுடன் செல்ல விரும்பினால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று, நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுங்கள்.

இந்தக் கட்டுப்பாட்டிலேயே சிறிய மலைகளின் முதல் ஆதாயம் தெரிகிறது. உயரமான சிகரத்துக்கான விடுமுறையில் பெரும்பகுதி உடலைப் பழக்குவதிலேயே கழிந்துவிடும். ஆயிரம் மீட்டர் மலைகளில் வந்து இறங்கிய மறுநாளே நடக்கலாம், எல்லா நாளும் நடக்கலாம்.

நிறைவைப் பற்றிக் கேட்டீர்கள். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற எண்ணை மறந்துவிட்டு, நீங்கள் நடக்கத் தொடங்கும் இடத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். 1,500 மீட்டர் வரை சாலை போகும் 1,800 மீட்டர் மலையில் உங்கள் ஏற்றம் 300 மீட்டர்தான். கடற்கரையிலிருந்து எழும் 900 மீட்டர் மலையில் அது மூன்று மடங்கு. உடல் அறிவது இந்த ஏற்றத்தைத்தான். அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, அந்த மலை எவ்வளவு தனித்து நிற்கிறது என்பது. நீண்ட தொடரில் ஒரு திமிலாக இருக்கும் சிகரத்தைவிட, சுற்றிலும் தாழ்ந்த நிலம் சூழ நிற்கும் குட்டை மலை அதிகமாகக் காட்டும்.

ஸ்காட்லாந்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அந்நாட்டில் 3,000 அடியைத் (914 மீட்டர்) தாண்டிய சிகரங்களை ஹியூ மன்ரோ 1891-இல் பட்டியலிட்டார். அன்று முதல் அந்தப் பட்டியலை முடிப்பதே பலருக்கு வாழ்நாள் இலக்கு. 731 மீட்டர் உயரமுள்ள சூல்வன் அதில் இடம்பெறவே முடியாது. ஆனால் ஏரிகள் சிதறிக் கிடக்கும் பழம்பாறைச் சமவெளியில் அது ஒற்றையாக எழுந்து நிற்கிறது. போய்வர ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நாட்டிலேயே உயரமான பென் நெவிஸின் (1,345 மீட்டர்) உச்சியோ பெரும்பாலான நாட்களில் மேகத்துக்குள் இருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் தயங்காமல் சூல்வனைச் சொல்வேன். பெரிய சிகரத்தை முழுதாகப் பார்க்கவும் எதிரில் உள்ள சிறிய மலையே நல்ல இடம். நேபாளத்தில் 8,000 மீட்டரைத் தாண்டிய தௌலகிரியையும் அன்னபூர்ணாவையும் காண மக்கள் ஏறுவது 3,210 மீட்டர் பூன் ஹில்லுக்குத்தான்.

சிறிய மலை என்றால் ஆபத்தில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புகழ்பெற்ற சிகரத்தில் பாதை தேய்ந்து தெளிவாக இருக்கும், முன்னும் பின்னும் ஆட்கள் இருப்பார்கள். சிறிய மலையில் பாதை புல்லில் மறைந்துவிடும். மூடுபனி இறங்கினால் உச்சியிலிருந்து பிரியும் முகடுகளில் நீங்கள் வந்தது எது என்றே தெரியாது. எனவே அச்சிட்ட வரைபடமும் திசைகாட்டியும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசியின் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். சம உயரக் கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்ட வரைபடத்தில், எட்டு மீட்டர் பாறைச் சரிவு இரண்டு கோடுகளுக்கு இடையில் தடயமின்றி மறைந்திருக்கலாம். கோடுகளை மட்டும் நம்பி மூடுபனியில் குறுக்கே இறங்குவது கூடாது.

குளிரும் அப்படித்தான். சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். அடிவாரத்தில் 15 டிகிரி என்றால் உச்சியில் எட்டு, ஒன்பது. அந்த எட்டு டிகிரியில் நனைந்த பருத்திச் சட்டையும் பலத்த காற்றும் சேர்ந்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அதற்குப் பனி பொழிய வேண்டியதில்லை. பருத்தியைத் தவிர்த்துவிட்டு, மழை, காற்று இரண்டையும் தடுக்கும் மேலுடை, தலைவிளக்கு, விசில் ஆகியவற்றை எப்போதும் எடுத்துச் செல்லுங்கள். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி ஊதுவது ஆல்ப்ஸ், பிரிட்டன் மலைகளில் உதவி கோரும் குறி.

நேரத்தைக் கணக்கிட 1892-இல் வில்லியம் நைஸ்மித் வகுத்த விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தொலைவும் 900 மீட்டர் ஏற்றமும் கொண்ட பாதைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். ஓய்வு இதில் சேராது. பாதையில்லாத நிலத்துக்கும் உங்கள் முழங்காலுக்கும் சேர்த்து ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இறங்கி ஏறும் சிறு மேடுகளையும் கூட்டிப் பாருங்கள். மூன்று குட்டைச் சிகரங்களைத் தொடும் முகட்டு நடை ஒரு பெரிய சிகரத்தைவிட அதிக ஏற்றம் தருவதுண்டு.

இனி முழங்கால். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. அதற்குப் பழகாதபோது சுமை மூட்டில் விழும். படி ஏறிப் பயிற்சி செய்கிறவர்கள் பலர் லிஃப்டில் இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் படியிலேயே மெதுவாக இறங்குங்கள், வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு ஊன்றுகோல்கள் வாங்கி, இறக்கத்தில் அவற்றை ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். செங்குத்தான பக்கத்தில் ஏறி, சரிவு குறைந்த பக்கத்தில் இறங்கும் வட்டப் பாதையாகத் தேடுங்கள். முதல் சில நடைகளில் ஏற்றம் 400, 500 மீட்டருக்குள் இருக்கட்டும். மறுநாள் தொடையில் வலி இருந்தால் கவலையில்லை. மூட்டு வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ அடுத்த மலையைத் தள்ளிவைத்துவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.