போலி மின்னஞ்சலும் அடையாளத் திருட்டும்: முதலில் பூட்ட வேண்டியது மின்னஞ்சல் பெட்டியை

கேள்வி: வங்கி, வருமான வரித் துறை ஆகியவற்றின் பெயரில் போலி மின்னஞ்சல்கள் அடிக்கடி வருகின்றன. அம்மாவின் ஆதார், பான் நகல்கள் எத்தனையோ இடங்களில் கிடக்கின்றன. இவற்றை வைத்து யாரும் மோசடி செய்துவிடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். என் தந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர்; மதுரை திருநகரில் இருக்கிறார். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு, பிடித்த தொகை திரும்பி வருவதற்காகக் காத்திருந்த ஓர் ஆகஸ்ட் மாதத்தில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 14,320 ரூபாய் ரீஃபண்டு அனுமதிக்கப்பட்டிருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் ரத்தாகிவிடும் என்று அதில் இருந்தது. அனுப்பியவர் பெயர் வருமான வரித் துறை. மேலே சிங்க முத்திரை. பொத்தானை அழுத்தியதும், அவர் தினமும் பார்க்கும் மின்னஞ்சல் நுழைவுப் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் திறந்து கடவுச்சொல்லைக் கேட்டது. கொடுத்துவிட்டார். பணம் எதுவும் போகாததால் எங்களிடம் சொல்லவும் இல்லை.

நான்கு மாதம் கழித்து, மாடியில் ஓர் அறை கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோதுதான், அவர் பெயரில் ஏதோ ஒரு கைப்பேசிச் செயலியில் வாங்கிய 22,000 ரூபாய்க் கடன் கட்டப்படாமல் நிற்பது தெரியவந்தது. அன்று இரவு இருவரும் உட்கார்ந்து அவருடைய மின்னஞ்சல் பெட்டியைத் துழாவினோம். அனுப்பியவை என்ற பகுதியில், அச்செடுப்பதற்காகத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு அவர் அனுப்பிய ஆதார், பான், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. அமைப்புகள் பகுதியைத் திறந்தபோதுதான் நெஞ்சு பகீரென்றது. கடன், வங்கி ஆகிய சொற்கள் உள்ள அஞ்சல்கள் எல்லாம் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு, இங்கே குப்பைத் தொட்டியில் விழும்படி விதி எழுதி வைத்திருந்தார்கள். கடனைப் பற்றிய அறிவிப்புகள் அவர் கண்ணில் படாமலே போனதற்கு அதுதான் காரணம். "முப்பது வருஷம் அடுத்தவன் விடைத்தாளத் திருத்துனேன், என் பெட்டியத் திறந்து பாக்கலியேப்பா" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே என் முதல் யோசனை மின்னஞ்சல் கணக்கைப் பற்றியது. வங்கி முதல் மின் கட்டணம் வரை மற்றக் கணக்குகள் பலவற்றின் கடவுச்சொல்லையும் அதன் வழியாகவே மாற்றிவிட முடியும் என்பதால், வீட்டுச் சாவிக்கொத்து தொங்கும் ஆணி அதுதான். அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லை வையுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை விட, கைப்பேசிச் செயலியில் உருவாகும் எண்ணோ, கடவுச்சொல் இல்லாமல் கைரேகையாலோ திரைப்பூட்டாலோ உள்ளே விடும் பாஸ்கீயோ பாதுகாப்பானது. ஒருமுறை ஏமாந்துவிட்டால் கடவுச்சொல்லை மாற்றுவதோடு நின்றுவிடக் கூடாது. அஞ்சல்களை வேறு முகவரிக்குத் தானாக முன்னனுப்பும் அமைப்பு, வடிகட்டி விதிகள், கடவுச்சொல் மறந்தால் உதவும் மீட்பு எண், மீட்பு முகவரி, உள்நுழைந்திருக்கும் கருவிகள் ஆகிய ஐந்தையும் பார்த்து, நம்முடையதல்லாதவற்றை நீக்க வேண்டும். இந்த ஐந்தைப் பார்க்காமல் விடுபவர்களே அதிகம் என்பது என் கவலை.

போலியைக் கண்டுபிடிக்க, இணைப்பில் உள்ள தளத்தின் முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள். அனுப்பியவர் என்று காட்டப்படும் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தள முகவரியில் அரசுக்கும் வங்கிக்கும் உரிய முடிவுகளை அப்படி விருப்பம்போல் வைத்துக்கொள்ள முடியாது. வருமான வரித் துறையின் தளம் ஜிஓவி.இன் என்று முடியும். வங்கிகள் தங்கள் இணைய வங்கித் தளங்களை பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று 2025 அக்டோபர் 31-ஐ ரிசர்வ் வங்கி கெடுவாக வைத்தது. அப்பாவுக்கு வந்த இணைப்பில் துறையின் பெயர் முன்னால் இருந்தது. முடிவோ வேறு ஏதோ ஒரு காம். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர் (r), என் (n) இரண்டும் ஒட்டி நின்றால் எம் (m) போலவே தெரியும் என்பதால், கண்ணை மட்டும் நம்பவும் முடியாது. அஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். ரீஃபண்டு, தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்த வங்கிக் கணக்குக்கு நேராக வந்துவிடும். அதற்கு மின்னஞ்சல் கடவுச்சொல்லை யாரும் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

அம்மாவின் நகல்களைப் பொறுத்தவரை, ஏற்கெனவே கொடுத்தவற்றைத் திரும்பப் பெற முடியாது. அவற்றின் பயனைக் குறைக்க முடியும். இனிமேல் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். நகலின் மேல் குறுக்கே, என்ன காரியத்துக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அம்மாவின் பெயரில் எத்தனை சிம் இணைப்புகள் உள்ளன என்று பார்த்து, அறியாததைப் புகார் செய்யலாம்.

எல்லாவற்றிலும் நான் பெரிதாக மதிப்பது, ஒருவர் பெயரில் உள்ள கடன்களையெல்லாம் காட்டும் கடன் அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று முறை வைத்து வாங்கினால் ஆண்டு முழுவதும் ஒரு கண் இருக்கும். அப்பா இதைச் செய்திருந்தால் நான்கு மாதம் வீணாகியிருக்காது. தவறான கடனைக் குறித்துப் புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்கவில்லை என்றால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நாங்கள் காவல்துறைப் புகாரின் நகலை இணைத்துத்தான் அந்தக் கடனை நீக்க வைத்தோம்.

பணமே போய்விட்டால், உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிய வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால் முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் இடையில் முடக்க வழி உண்டு. வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. பிறருடைய கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அருகில் உட்காரவைத்து, அவருடைய கைப்பேசியில் அவர் கையாலேயே மின்னஞ்சல் அமைப்புகளைத் திறக்கச் சொல்லுங்கள். அனுப்பியவை பகுதியில் ஆதார், பான் என்று தேடி, கிடைப்பதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். எங்களுக்கு அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது.