திரை மாறும் வரை ஸ்கிரிப்ட்டைக் காத்திருக்க வைப்பது எப்படி?

கேள்வி: பைத்தானில் ஒரு ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். பட்டனை அழுத்திய பிறகு திரை மாறும் வரை அது காத்திருக்க வேண்டும். டைம்.ஸ்லீப் (இத்தனை விநாடி சும்மா நில் என்னும் கட்டளை) போட்டால் ஒருநாள் ஓடுகிறது, மறுநாள் உதைக்கிறது. என்ன செய்யலாம்?

நானும் ஸ்லீப்பில்தான் தொடங்கினேன். இரண்டு டப்பா சீப்புச் சீடை ஊர் மாறிப் போன பிறகுதான் அதை விட்டேன்.

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் இங்கிருந்து வெளியூருக்குக் கூரியரில் போகும். ஆர்டர்கள் எக்செல் ஷீட்டில் இருக்கும். கூரியர்காரர்களின் தளத்தில் பெயர், முகவரி, எடை போட்டு சமர்ப்பி என்று அழுத்தினால் வலப்பக்கம் லேபிள் வரும். அதைப் பிரிண்ட் எடுத்து டப்பாவில் ஒட்ட வேண்டும். சாதாரண நாளில் 20 பார்சல், தீபாவளி நெருங்கினால் 100. கையால் அடித்து மாளாது என்று, பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியத்தில் ஸ்கிரிப்ட் எழுதினேன். சமர்ப்பி அழுத்து, 5 விநாடி தூங்கு, பிரிண்ட் எடு, அடுத்த ஆள்.

காலையில் சோதித்தபோது அழகாக ஓடியது. ஆனால் கூரியர் வண்டி வருவது சாயங்காலம். அந்த நேரத்தில் தளம் நொண்டும். லேபிள் வர 8 விநாடி, சில சமயம் 10 விநாடி. என் ஸ்கிரிப்ட்டோ சொன்ன சொல் தவறாமல் 5 விநாடியில் விழித்துக்கொண்டு, திரையில் இருந்த லேபிளைப் பிரிண்ட் எடுத்தது. அது முந்தைய ஆளுடைய லேபிள். கோயம்புத்தூர் போக வேண்டிய சீடை ஓசூர் போனது. அன்றைக்கே இன்னொன்றும் அப்படித்தான்.

உடனே 5-ஐ 15 ஆக்கினேன். எல்லோரும் செய்வதுதான். 100 பார்சலுக்குக் கணக்குப் பாருங்கள், 25 நிமிடம் வெறும் தூக்கம். தளம் ஒருநாள் 16 விநாடி எடுத்துக்கொண்டால் மறுபடியும் அதே கூத்து.

அடுத்து, விவரம் தெரிந்த ஒருவர் சொன்னபடி, செலினியத்திலேயே உள்ள வெப்டிரைவர்வெயிட் போட்டேன். லேபிள் கண்ணில் படும் வரை பொறு, அதிகபட்சம் 60 விநாடி. இது தூங்காது. இயல்பாக அரை விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும், நிபந்தனை நிறைவேறியதும் நகர்ந்துவிடும். சரி, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஓட விட்டால் முன்பைவிட மோசம். 5 விநாடி கூடக் காத்திருக்காமல் அழுத்திய மறுகணமே பிரிண்ட் எடுக்கிறது. அன்று முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: பழைய லேபிள்தான் ஏற்கெனவே திரையில் இருக்கிறதே! "லேபிள் இருக்கிறதா?" என்று கேட்டேன், "இருக்கிறது" என்றது. பொய் இல்லை. நான் கேட்டிருக்க வேண்டியது "லேபிள் மாறிவிட்டதா?" என்று.

உங்கள் கேள்வியிலும் 'மாறும் வரை' என்றுதான் இருக்கிறது, அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். மாறியதா என்று தெரிய, முன்பு என்ன இருந்தது என்பது ஸ்கிரிப்ட்டுக்குத் தெரிய வேண்டும். எனவே சமர்ப்பி அழுத்துவதற்கு முன்பே லேபிளில் உள்ள டிராக்கிங் நம்பரைப் படித்து ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அழுத்துங்கள். பிறகு வெப்டிரைவர்வெயிட்டின் அன்டில் என்பதற்குள் ஒரு சின்ன லாம்டா (பெயரில்லாத ஒருவரி ஃபங்ஷன்) கொடுங்கள்: இப்போதைய நம்பர் காலியாக இல்லை, பழைய நம்பராகவும் இல்லை என்றால் உண்மை. லாம்டாவுக்குள் ஒவ்வொரு முறையும் அந்த எலிமென்ட்டை, அதாவது பக்கத்தில் நம்பர் இருக்கும் பகுதியை, புதிதாகத் தேடுங்கள். முன்பே பிடித்து வைத்ததைப் பயன்படுத்தினால், பக்கம் அந்தப் பகுதியை மாற்றி வரைந்ததும், பிடித்து வைத்தது இப்போது பக்கத்தில் இல்லை என்று ஸ்டேல் எலிமென்ட் பிழை வந்து விழும். புதிதாகத் தேடினாலும், தேடுவதற்கும் படிப்பதற்கும் நடுவில் அது மாறிவிட்டால் அதே பிழை அபூர்வமாக வரும். பைத்தானில் வெப்டிரைவர்வெயிட் தானாகப் பொறுத்துக்கொள்வது எலிமென்ட் கிடைக்கவில்லை என்ற பிழையை மட்டும்தான். ஸ்டேல் பிழையையும் பொறுக்கச் சொல்லி நாம்தான் இக்னோர்ட் எக்ஸெப்ஷன்ஸ் என்ற பட்டியலில் சேர்க்க வேண்டும்.

நான் இன்னொரு படியும் வைத்திருக்கிறேன். புது லேபிளில் உள்ள பின்கோடும் எக்செல் வரிசையில் உள்ள பின்கோடும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் பிரிண்ட். நம்பர் மாறினால் மட்டும் போதாது, இந்த ஆளுக்குரியதாக மாறியிருக்க வேண்டும்.

சீடை ஊர் மாறிய கதையைக் கடைக்கார ஆச்சியிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "தேன்குழலை மணி பார்த்தா எடுக்குறோம், தம்பி? எண்ணெய் அடங்கணும்ல." மாவு ஈரமாக இருக்கும்வரை எண்ணெய் சலசலக்கும், வெந்ததும் நுரை அடங்கும். அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டேன். தளத்தில் சுற்றும் சக்கரம் ஒன்று வரும், அது மறையும் வரை காத்திருக்கலாமே? இன்விசிபிலிட்டி ஆஃப் எலிமென்ட் என்று செலினியத்திலேயே அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆனால் சக்கரம் தோன்றுவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் பார்த்துவிட்டால், "சக்கரம் இல்லை, வேலை முடிந்தது" என்று எடுத்துக்கொள்ளும். முதலில் தோன்றும் வரை, பிறகு மறையும் வரை என்று இரண்டு கட்டமாகப் போட வேண்டும். அதிலும் ஓட்டை உண்டு. சிலிண்டர் தீர்ந்தாலும் எண்ணெய் அடங்கத்தான் செய்யும். சர்வர் பிழை அடித்தாலும் சக்கரம் மறைந்துவிடும். (ஆச்சி நிறத்தையும் பார்ப்பார், அதை எனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.) அதனால் சக்கரத்தை நான் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், முடிவு சொல்வது டிராக்கிங் நம்பர்.

இம்ப்ளிசிட் வெயிட் (எல்லாத் தேடலுக்கும் பொதுவாக ஒருமுறை வைக்கும் காத்திருப்பு), எக்ஸ்ப்ளிசிட் வெயிட் (வெப்டிரைவர்வெயிட் போல ஒரு நிபந்தனைக்கான காத்திருப்பு) இரண்டையும் ஒரே ஸ்கிரிப்ட்டில் கலக்காதீர்கள். காத்திருக்கும் நேரம் கணக்கில்லாமல் போகும் என்று செலினியம் ஆவணமே எச்சரிக்கிறது. புதிதாகத் தொடங்குவதானால், செலினியம் போலவே பிரவுசரை இயக்கும் பிளேரைட் நல்லது. கிளிக் செய்யும் முன் பட்டன் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்தக்கூடிய நிலையில் உள்ளதா என்று தானே பார்த்துக்கொண்டு, இயல்பாக 30 விநாடி வரை பொறுக்கும். ஆனால் பழைய லேபிளை அதற்கும் அடையாளம் தெரியாது. அந்த வேலை நம்முடையதுதான்.

இதெல்லாம் பிரவுசருக்கு. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸ் வகை, அங்கே செலினியம் நுழையாது. முதலில், விண்டோஸ் நிரல்களை இயக்கும் பைவின்ஆட்டோ முயன்று பாருங்கள். விண்டோவையும் பட்டனையும் அது அடையாளம் கண்டுகொண்டால் வெயிட் ரெடி (தயாராகும் வரை பொறு) என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கண்டுகொள்ளாவிட்டால் திரையின் புள்ளிகளைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸுக்கான ஆட்டோமேஷன் கருவியான ஆட்டோஇட்டில் பிக்ஸல்செக்சம் என்று ஒன்று உண்டு. திரையின் ஒரு கட்டத்தை ஒரே எண்ணாகச் சுருக்கித் தரும், அந்த எண் மாறினால் கட்டத்துக்குள் ஏதோ மாறியிருக்கிறது. பைத்தானில், படங்களைக் கையாளும் பில்லோவின் இமேஜ்கிராப் கொண்டு அதே கட்டத்தை 200 மில்லி விநாடிக்கு ஒருமுறை படம் பிடித்து ஒப்பிடலாம். நான் முதலில் மாறும் வரை பார்ப்பேன், பிறகு அடுத்தடுத்து ஐந்து படங்கள் ஒரே மாதிரி வரும் வரை பார்ப்பேன். பாதி வரைந்த திரையைப் பார்த்து ஏமாறாமல் இருக்க அது வேண்டும். கட்டத்தைச் சின்னதாக எடுங்கள். கண் சிமிட்டும் கர்சர் உள்ளே மாட்டினால் அரை விநாடிக்கு ஒருமுறை 'மாறிவிட்டது' என்று வந்துகொண்டே இருக்கும். கடிகாரமும் அப்படித்தான்.

மவுஸையும் கீபோர்டையும் இயக்கும் பைஆட்டோகுயியில், நாம் கொடுக்கும் படத்தைத் திரையில் தேடும் லொகேட்ஆன்ஸ்கிரீன் முழுத் திரையையும் அலசினால் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு விநாடி பிடிக்கும், ரீஜன் (தேட வேண்டிய பகுதி) கொடுத்தால் சீக்கிரம் முடியும். திரை அளவை யாராவது 100-லிருந்து 125 சதவீதம் ஆக்கிவிட்டால் பழைய படம் பொருந்தாது. எங்கள் கடையில் கண்ணாடி மறந்து வந்த ஒருவர் அதைச் செய்தார்.

கடைசியாக, எந்தக் காத்திருப்புக்கும் ஒரு எல்லை வையுங்கள், எல்லை தாண்டினால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். என் ஸ்கிரிப்ட் 60 விநாடிக்குள் நம்பர் மாறவில்லை என்றால் திரையைப் படம் பிடித்து வைத்துவிட்டு, பீப் அடித்து நின்றுவிடும். தானாக மறுபடி சமர்ப்பி அழுத்தாது. முதல் முறை உண்மையில் போய்ச் சேர்ந்திருந்தால் ஒரே பார்சலுக்கு இரண்டு புக்கிங் ஆகிவிடும். பீப் கேட்டதும் அடுப்படியிலிருந்து ஆச்சி குரல் கொடுப்பார், "தம்பி, உன் பெட்டி கூப்பிடுது."