கடலுக்குள் கட்டிய வீடு, வரவில்லாத குளம்: வாசகர் கேள்வி – பதில்

நேப்பிள்ஸ் வளைகுடாவிலும் அதற்கு வடக்கே ரோம் வரையிலும் ரோமானியப் பெருந்தனக்காரர்கள் கட்டிய கடலோர வில்லாக்களைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. கட்டுமானம் பற்றிக் கேட்டவர்களே அதிகம். ஆனால் சுவை என்னவோ பணத்தைப் பற்றிய கேள்விகளில்தான்.

கே: சிமெண்ட் இல்லாத காலத்தில் கடல்நீருக்குள் கான்கிரீட் எப்படி இறுகியது? பக்கத்திலேயே கிடக்கிறதென்று கடல் மணலைப் போட்டார்களா? (கட்டடப் பொறியாளர், நாகர்கோவில்)

ப: போடக்கூடாது என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். கி.மு. முதல் நூற்றாண்டுக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ், கடல் மணல் கலந்து கட்டிய சுவர் பின்னால் உப்பைக் கக்கிப் பூச்சை உதிர்த்துவிடும் என்கிறார். அவருடைய கணக்கில் நல்ல குழிமணல் என்றால் மணல் 3, சுண்ணாம்பு 1. ஆற்று மணலோ கடல் மணலோதான் வாய்க்கும் என்றால் 2-க்கு 1. அதோடு இடித்துச் சலித்த ஓட்டுத்தூள், அதாவது நம் கொத்தனார்கள் சொல்லும் சுர்க்கி, மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் காரை தேறும்.

கடலுக்குள் இறக்க வேண்டியதற்குக் கணக்கு வேறு: புட்டியோலி (இன்றைய பொட்சுவோலி) எரிமலைச் சாம்பல் 2 பங்கு, சுண்ணாம்பு 1 பங்கு, உடைகல் தேவைக்கேற்ப. வெறும் சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். தண்ணீருக்கடியில் அதற்கு வழியில்லை. சாம்பலில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு நேரடியாக வினைபுரிவதால் காற்று தேவைப்படுவதில்லை. பிற்பாடு துளைகளில் ஊறும் கடல்நீரால் அலுமினிய டோபர்மோரைட், பிலிப்சைட் என்ற படிகங்கள் உள்ளுக்குள் வளர்ந்து கலவையைப் பின்னிக்கொள்கின்றன. இன்றைய கான்கிரீட்டில் உப்பு உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ரோமானியக் கான்கிரீட்டில் கம்பியே கிடையாது.

வேலைமுறை மூன்று. அலை அடங்கிய இடத்தில் மரச்சட்டத்தை நீருக்குள் இறக்கிக் கட்டி, கலவையையும் கல்லையும் கொட்டி, உள்ளிருக்கும் தண்ணீரை அதுவே வெளியேற்றும்படி விடுவார்கள். அலை மோதும் இடத்தில் கரையோரம் மேடை போட்டு, கடல் பக்கத்தை மணலால் நிரப்பி, அதன்மேல் கான்கிரீட் பாளத்தைக் கட்டி, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் காயவிடுவார்கள். பிறகு மணலைத் தாங்கும் ஓரச்சுவரை வெட்டிவிட்டால் அலை மணலை அரித்துக்கொண்டு போகும். பாளம் தானாகக் கடலில் விழுந்து அமரும். சாம்பல் கிடைக்காத ஊரில் இரட்டைப் பலகைச் சுவர் எழுப்பி, இடையில் களிமண்ணை மிதித்து அடைத்து, உள்நீரை இறைத்துவிட்டு உலர்ந்த தரையில் கட்ட வேண்டும். செலவு பிடித்த வேலை இது. சுவர் கசிந்தால் இறைத்த தண்ணீரெல்லாம் வீண். 2004-இல் இத்தாலியின் பிரிந்திசியில் ஆய்வாளர்கள் முதல் முறைப்படி 8 கன மீட்டர் பாளம் ஒன்றைக் கடலில் வார்த்துப் பார்த்தார்கள். நின்றது.

கே: உப்புக்காற்றும் அலையும் இருக்கும் இடத்தில் குடியிருக்க வசதியாக வீட்டை எப்படி அமைத்தார்கள்? குடிநீர்? (இல்லத்தரசி, காரைக்கால்)

ப: இதற்கு நல்ல சாட்சி ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி. ரோமிலிருந்து 17 ரோமானிய மைல் தொலைவில் லாரெண்டம் கரையில் இருந்த தன் வில்லாவை ஒரு கடிதத்தில் அறை அறையாக விவரித்திருக்கிறார். சாப்பாட்டுக்கூடம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. தென்மேற்குக் காற்றில் அலை அதன் அடிச்சுவரை, சக்தியெல்லாம் ஓய்ந்தபின், மெல்ல நனைத்துவிட்டுப் போகும். மூன்று பக்கமும் மடக்குக் கதவுகளும் கதவளவு சன்னல்களும்.

கெட்டிக்காரத்தனம் தெரிவது மூடிய நடைக்கூடத்தில். கடல் பக்கம் சன்னல்கள் அதிகம், தோட்டப் பக்கம் குறைவு. காற்றில்லாத நாளில் எல்லாவற்றையும் திறக்கலாம். ஒரு பக்கம் காற்றடித்தால் மறுபக்கத்தை மட்டும் திறக்கலாம். வெயில், நிழல், காற்று மூன்றையும் சன்னலை வைத்தே ஆண்டிருக்கிறார்கள். அறைகளுக்குத் திசை வகுப்பதிலும் ஒழுங்கு உண்டு. விட்ருவியஸ் கணக்கில் குளிர்காலச் சாப்பாட்டறையும் குளியலறையும் மாலை வெயில் வாங்கத் தென்மேற்கு, படுக்கையறையும் நூலகமும் கிழக்கு, கோடைச் சாப்பாட்டறை வடக்கு. நூலகம் தெற்கோ மேற்கோ பார்த்தால் ஈரக்காற்றில் சுருள்கள் பூஞ்சை பிடித்துப் பூச்சி அரிக்கும் என்பதும் அவர் கணக்கு.

தோட்டத்தில் பிளினிக்குத் தோல்விதான். பாக்ஸ் செடி வேலி கட்டடத்தின் மறைவில் தழைத்தது. உப்புத்துளி படும் இடத்தில், தூரத்திலிருந்து தெறித்தால்கூட, கருகியது. அந்த இடங்களை ரோஸ்மேரியால் நிரப்பினார்கள். அத்தியும் முசுக்கொட்டையும் நன்றாக வந்தன.

பாய்ந்து வரும் நீர் அங்கே இல்லை. ஆனால் கரையில் எங்கே தோண்டினாலும் மேலாகவே உப்பில்லாத ஊற்று. மணல் கடற்கரையில் மழைநீர் உப்புநீருக்கு மேல் மிதந்து தங்குவதால் இது நடக்கும். ஆழமாகத் தோண்டிவிட்டால் உப்பு ஏறிவிடும். காப்ரி தீவில் சக்கரவர்த்தி திபேரியஸ் இருந்த மலையுச்சி மாளிகைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அங்கே மாளிகையின் நடுப்பகுதி முழுக்க மழைநீர்த் தொட்டிகள்தான், அறைகளெல்லாம் அவற்றைச் சுற்றி. நேப்பிள்ஸ் வளைகுடாப் பக்கம் செரினோ ஊற்றிலிருந்து ஏறக்குறைய 96 கிலோமீட்டர் வந்த அகஸ்டஸ் கால்வாய் இருந்தது. பொம்பெய் நகருக்கு அருகிலுள்ள ஒப்லோண்டிஸ் வில்லாவின் 61 மீட்டர் நீள, 17 மீட்டர் அகல நீச்சல்குளத்தைக் கிணற்று நீரை இறைத்து நிரப்பியிருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

கே: வெந்நீர்க் குளத்தில் கிடந்தபடி கடலைப் பார்ப்பார்களாமே? தரைக்கு அடியில் சூடு எப்படி? (மாணவர், திருச்சி)

ப: பிளினி வீட்டில் அப்படித்தான். தரைச்சூட்டுக்கு விட்ருவியஸ் சொல்லும் முறை இது: 8 அங்குலச் சதுரச் செங்கல்லால் 2 அடி உயரத் தூண்கள். தூணுக்குத் தூண் எட்டும்படி 2 அடிச் செங்கல் பாவி, அதன்மேல் தளம். தூண்களை மயிர் கலந்த களிமண்ணால் கட்ட வேண்டும். அடித்தளம் அடுப்பு வாயை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். சரிவு போதுமா என்று பார்க்க ஒரு பந்தை உள்ளே உருட்டிவிடு, அது வாய்க்கே திரும்பி வர வேண்டும் என்கிறார் விட்ருவியஸ். சரிவு சரியாக இருந்தால் அனல் தானே மேலேறிப் பரவும். விறகுதான் பெருஞ்செலவு. பிளினிக்கு அடுத்திருந்த காடுகள் கைகொடுத்தன.

கே: மீன் குளங்களின் அமைப்பை விளக்கமாகச் சொல்லுங்கள். நான் இறால் பண்ணை வைத்திருக்கிறேன். (வாசகர், வேதாரண்யம்)

ப: உங்களுக்கு இருக்கும் கவலைகள்தான் அவர்களுக்கும்: நீர் மாற்றம், வெப்பம், தீவனம், ஒன்றையொன்று தின்பது.

மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. இத்தாலியின் மேற்குக் கரையில் அரை மீட்டர்கூடத் தேறாது. அதனால் ஒரே வாய்க்கால் வைத்தால் குளம் அழுகும். பல திசைகளில் வாய்க்கால் வேண்டும். பாறையிலேயே வெட்டியோ, சுர்க்கிக் காரை பூசிய கான்கிரீட் சுவர் எழுப்பியோ குளம் அமைப்பார்கள். வாய்க்கால் முகத்தில் கல்லில் வெட்டிய பள்ளங்களில் ஏறி இறங்கும் மதகுப் பலகை; அதில் நெருக்கமாகத் துளைகள். நீர் போகும், மீன் போகாது. வென்டோடேனே தீவிலும் டோர்ரே அஸ்தூராவிலும் இந்தப் பள்ளங்களை இன்றும் பார்க்கலாம். சிறு துளையுள்ள வெண்கலச் சல்லடை போடு என்பது கி.பி. முதல் நூற்றாண்டு வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லாவின் யோசனை. குளத்தைச் சுற்றி நடைபாதை, நடுவில் தடுப்புச் சுவர்களால் பிரித்த தொட்டிகள்.

கோடையில் ஆழமற்ற நீர் சூடேறினால் மீன் திணறும். அதற்காகச் சுவரில் குடைவுகள் விடுவார்கள். ஸ்பெர்லோங்காவில் திபேரியஸின் குகைக்குளச் சுவரில் சுட்டமண் சாடிகளை வாய் தெரியப் பதித்திருக்கிறார்கள். மீன் அதற்குள் ஒதுங்கும், முக்கியமாகப் பாம்பு போல் நீண்ட அஞ்சாளை. அந்த அஞ்சாளையை மற்ற மீன்களோடு விடாதே, வெறி பிடித்தால் செதில் மீன்களைத் துரத்தித் தின்றுவிடும் என்று கொலுமெல்லா எச்சரிக்கிறார். சேற்றுத்தரை நாக்கு மீனுக்கு, பாறைத்தரை பாறைமீனுக்கு என்று இனத்துக்கேற்ற இடத்தையும் பிரித்துச் சொல்கிறார்.

தீவனம் கருவாட்டுக் கழிவு, கெட்ட சிறுமீன், நசுங்கிய அத்திப்பழம். அதுவும் கட்டுப்படியாகவில்லை. குளத்தைச் சுற்றியிருந்த கட்டடங்களிலிருந்து ஹிர்ரியஸ் என்ற பணக்காரருக்கு வந்த 12,000 செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) வாடகை முழுவதும் மீன் தீவனத்துக்கே போனதாக வேளாண் எழுத்தாளர் வர்ரோ எழுதுகிறார். அதே வர்ரோ சொல்லும் இன்னொரு செய்தியை நீங்கள் ரசிப்பீர்கள்: மார்க்கஸ் லூக்குல்லஸ் குளத்தில் நீரோட்ட வழி வைக்காததால் மீன் தேங்கிய நீரில் கிடந்தது, அவர் அண்ணன் லூசியஸோ நேப்பிள்ஸ் அருகே மலையையே குடைந்து கடல்நீரை உள்ளே விட்டார். இதற்காகத்தான் 'டோகா (ரோமானிய மேலாடை) உடுத்த செர்க்ஸஸ் (பாரசீக மன்னர்)' என்று ரோமானியத் தளபதி பாம்பேயஸ் அவரைக் கேலி செய்தார்.

கே: அடிமைகளை அஞ்சாளைக்கு இரையாகப் போட்டார்களாமே, உண்மையா? (வாசகர், மதுரை)

ப: வேடியஸ் போல்லியோ என்ற பணக்காரரைப் பற்றிய செய்தி அது. படிகக் கிண்ணத்தை உடைத்த அடிமையை மீன்குளத்தில் தள்ளச் சொன்னாராம். விருந்துக்கு வந்திருந்த அகஸ்டஸ் அடிமையை விடுவித்து, மற்றக் கிண்ணங்களையும் உடைக்கச் சொல்லி, குளத்தைத் தூர்க்க உத்தரவிட்டாராம். ரோமானியத் தத்துவஞானி செனெக்கா இதை எழுதியிருக்கிறார். ஆனால் அஞ்சாளை மனிதனை விழுங்கும் மீன் அல்ல. கடித்துக் காயப்படுத்தும், அவ்வளவே.

கே: இவ்வளவு செலவு செய்தார்களே, வருமானம் வந்ததா? (கணக்காளர், சென்னை)

ப: பெரும்பாலும் இல்லை, வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. கடல்நீர்க் குளம் கட்டவும் பெருஞ்செலவு, நிரப்பவும் பெருஞ்செலவு, தீனி போடவும் பெருஞ்செலவு. உடையவன் பையை நிரப்புவதைவிடக் காலி செய்கிறது என்று வர்ரோ கணக்கை முடித்துவிடுகிறார். பெரும் பேச்சாளர் ஹோர்டென்சியஸ் தன் குளத்து மீனைத் தொடாமல் விருந்துக்குப் புட்டியோலிச் சந்தையில் மீன் வாங்கினார்.

வருமானம் இல்லையே தவிர, மதிப்பு இருந்தது. வளைகுடாவின் மிசேனத்தில் தளபதி மாரியஸின் வில்லாவைக் கொர்னேலியா 75,000 டிராக்மாவுக்கு வாங்கினார். கொஞ்ச காலத்துக்குள் லூசியஸ் லூக்குல்லஸ் அதையே 25 லட்சத்துக்கு வாங்கியதாக புளூட்டார்க் சொல்கிறார். 33 மடங்கு! ஹிர்ரியஸ் வில்லா குளங்களின் பெயராலேயே 40 லட்சம் செஸ்டெர்ஸுக்குப் போனது. அகஸ்டஸ் காலத்துப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டெர்ஸ் என்று வைத்துப் பாருங்கள்.

இந்த ஏற்றத்தைப் புரிந்துகொண்டு உண்மையிலேயே சம்பாதித்தவர் என்று நான் நினைப்பது செர்ஜியஸ் ஓராட்டாவை. லூக்ரின் ஏரியில் சிப்பி வளர்த்தார். தரைச்சூடேற்றிய குளியலறைகளைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படுபவர்; வில்லாக்களுக்கு அவற்றைப் பொருத்தி மெருகேற்றி, ஒவ்வொன்றாக விற்றார். பொது ஏரியை ஆக்கிரமித்ததாக வழக்கு வந்தபோது, ஏரியிலிருந்து விரட்டினால் கூரை ஓட்டிலும் சிப்பி வளர்ப்பான் என்று அவருக்கு எதிராக வாதாடிய வழக்குரைஞர் கிராஸஸ் சொன்னாராம்.

மற்றவர்களுக்குப் பணம் வேறிடத்திலிருந்து வந்தது: உள்நாட்டுத் தோட்டங்கள், மாகாணப் பதவிகள், வட்டி. கி.மு. 218-இன் சட்டப்படி செனட்டர் 300 ஆம்போராவுக்கு (ஆம்போரா என்பது ஒயின், எண்ணெய் ஏற்றும் ஜாடி) மேல் ஏற்றும் கப்பல் வைத்திருக்கக்கூடாது. ஆகவே வணிகம் விடுதலை பெற்ற அடிமைகளின் பெயரில் நடந்தது. கரையிலேயே சம்பாதித்த இடங்களைக் கட்டடமே காட்டிக்கொடுக்கும். கோசா துறைமுகத்தில் மீன்பிடி குளங்கள். அந்த ஊரோடு தொடர்புடைய செஸ்டியஸ் குடும்ப முத்திரை பதித்த ஜாடிகள் மார்செய் அருகே மூழ்கிய கப்பலில் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. ஒப்லோண்டிஸில் அலங்கார வில்லாவிலிருந்து சற்றுத் தொலைவில் இன்னொரு கட்டடம்: ஓவியம் குறைவு, முற்றத்தில் 400-க்கு மேற்பட்ட ஒயின் ஜாடிகள், ஓர் அறையில் கி.பி. 79 எரிமலைச் சீற்றத்தில் இறந்த 54 பேரின் எலும்புகள்.

கே: எங்கள் அரிக்கமேட்டு ஜாடிகளுக்கும் இந்த வளைகுடாவுக்கும் தொடர்பு உண்டா? (ஆசிரியர், புதுச்சேரி)

ப: உண்டு. அரிக்கமேட்டிலும் கேரளத்தின் பட்டணத்திலும் கிடைத்த ஆம்போராத் துண்டுகளில் நேப்பிள்ஸைச் சுற்றியுள்ள கம்பானியாப் பகுதியின் ஜாடிகள் உண்டு. அப்பகுதியில் செய்த ஜாடிகள் பலவற்றின் மண்ணில் எரிமலைக் கருமணல் தெரியும். உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் பிடிபடும். கிழக்குச் சரக்குகள் அலெக்ஸாண்டிரியா வழியாக இறங்கிய துறை புட்டியோலி. இலங்கைக்குக் காற்றில் அடித்துச் செல்லப்பட்டதாகப் பெரிய பிளினி குறிப்பிடும் ஆள், அன்னியஸ் பிளோகாமஸிடம் விடுதலை பெற்ற அடிமை. அந்தப் பெயர் புட்டியோலிக் கல்வெட்டிலும் இருக்கிறது.

கே: பாயியே ஏன் கடலுக்குள் கிடக்கிறது? கடல்மட்டம் உயர்ந்ததாலா? (வாசகர், கோவை)

ப: பாயியே, வளைகுடாவில் ரோமானியப் பணக்காரர்களின் உல்லாச ஊர். அதன் விஷயத்தில் முக்கியக் காரணம் தரை இறங்கியது. அது ஓர் எரிமலைக் குழியின் விளிம்பு; அடியிலுள்ள அழுத்தம் மாறமாற நிலம் ஏறி இறங்கும். பொட்சுவோலிச் சந்தையில் நிற்கும் தூண்களில் கடல் சிப்பிகள் துளைத்த பட்டை ஆள் உயரத்துக்கு மேலே தெரிகிறது. அவ்வளவு இறங்கி மறுபடி ஏறியிருக்கிறது.

கடல்மட்டம் எவ்வளவு மாறியது என்று அறிய, தரை அசையாத இடத்து மீன் குளங்களைத்தான் அளக்கிறார்கள். மதகும் நடைபாதையும் அன்றைய நீர்மட்டத்துக்குப் பொருந்த வேண்டும் அல்லவா? அதிலும் ஒற்றுமை இல்லை. ஒரு குழு 2,000 ஆண்டுக்கு முன் கடல் 1.35 மீட்டர் தாழ்ந்திருந்தது என்கிறது. அதே வகைக் குளங்களை அளந்த இன்னொரு குழு அரை மீட்டர் அளவே என்கிறது. மதகின் எந்தப் பகுதி எந்த நீர்மட்டத்தில் நின்றது என்பதில்தான் சண்டை.

போய்ப் பார்ப்பதென்றால், கண்ணாடி அடிப்படகிலும் முக்குளித்தும் பார்க்க 2002 முதல் அங்கே நீரடிப் பூங்கா இருக்கிறது. கிளாடியஸ் சக்கரவர்த்தியின் விருந்துக்கூடத்தில் நிற்கும் சிலைகள் நகல்கள். அசல்கள் மேலே பாயியா கோட்டை அருங்காட்சியகத்தில்.