‘கல்லீரலில் ச்சி தேங்கியிருக்கிறது’ என்கிறார்களே?

கேள்வி: எனக்கு 43 வயது. சிங்கப்பூரில் இருக்கிறேன். மாமியாரைக் கவனித்துக்கொள்ளப் போன வருடம் வேலையை விட்டேன். ஆறு மாதமாக வலது விலாவுக்குக் கீழே இறுக்கம். தொண்டையில் எதுவோ அடைத்த மாதிரி இருக்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். சீன மருத்துவர் ஒருவர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்துவிட்டு, “கல்லீரலில் ச்சி தேங்கியிருக்கிறது” என்று ‘சியாவ் யாவ்’ உருண்டைகள் கொடுத்தார். இரத்தப் பரிசோதனையிலோ கல்லீரல் நன்றாக இருக்கிறது. எதை நம்புவது? பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறேன்.
— ஒரு வாசகி

பதில்: முதலில் பயத்தை விடுங்கள், சகோதரி. இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. ‘ஈரக்குலை நடுங்கிவிட்டது’ என்று நாம் சொல்லும்போது உறுப்பை மட்டுமா சொல்கிறோம்? கல்லீரலைக் குறிக்கும் சீன மருத்துவத்தின் ‘கான்’ என்ற சொல்லும் அப்படித்தான். ச்சி என்னும் உயிராற்றலைத் தடையில்லாமல் ஓடவிடுவது, இரத்தத்தைச் சேமிப்பது, கண், தசைநார், கோபம் எல்லாம் அதற்குள் அடக்கம். அவர்களுடைய ஐந்து மூலகங்களில் அது மரம். மரத்துக்குக் கிளை பரப்ப இடம் வேண்டும். மனத்தாங்கலை உள்ளேயே அடக்கி வைத்தால் ஓட்டம் தேங்கும் என்பது அவர்கள் கணக்கு. விலா இறுக்கம், அடிக்கடி பெருமூச்சு, மாதவிலக்குக்கு முன் மார்பு வலி, யாழ் நரம்பைத் தொட்டாற்போல் விறைத்த நாடி ஆகியவை அதன் அடையாளங்கள். உங்கள் தொண்டை அடைப்புக்கும் ‘பிளம் கொட்டை ச்சி’ என்று பெயர் உண்டு: விழுங்கினால் இறங்காது, துப்பினால் வராது. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் சொங்ஜிங் என்ற மருத்துவர், பெண்ணின் தொண்டையில் வாட்டிய இறைச்சித் துண்டு சிக்கியது போல என்று இதை எழுதிவைத்தார்.

ச்சியை எந்தக் கருவியும் அளந்ததில்லை. ஆகவே அந்தச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் பித்தப்பையில் கல் இருக்கலாம். வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். தொண்டை அடைப்பு அமிலம் மேலேறுவதாலோ தைராய்டாலோகூட வரும். சோறு இறங்கச் சிரமப்பட்டாலோ, எடை குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ மருத்துவரைப் பார்ப்பதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

உருண்டைகளைப் பற்றி. ‘சியாவ் யாவ்’ என்றால் கவலையில்லாமல் உலாவுதல். சீனாவைச் சொங் அரச மரபு ஆண்ட காலத்து மருந்து. அதில் அதிமதுரம் சேர்கிறது. அது அதிகமானால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். உங்களுக்கு இதுதான் முக்கியம். பொட்டலத்தைப் பிரஷர் மருத்துவரிடம் காட்டிக் கேட்கும்வரை அந்த உருண்டைகளைச் சாப்பிட வேண்டாம். அதில் உள்ள சாய் ஹூ என்ற வேர் சேர்ந்த இன்னொரு கலவையைச் சாப்பிட்ட கல்லீரல் அழற்சி நோயாளிகளில் சிலருக்கு ஜப்பானில் நுரையீரல் பாதிக்கப்பட்டது. 10 பேர் இறந்ததாகத் தெரியவந்து 1996இல் அந்நாட்டு அரசு எச்சரித்தது. மூலிகைதானே என்று இருந்துவிட முடியாது. நீங்கள் பார்த்தவர் பதிவு பெற்றவர்தானா என்பதைச் சீன மருத்துவர்களுக்கான வாரியத்தின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

வேலையை விட்டதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஒரு வருடமாக உங்களுக்கென்று ஒரு மாலைப் பொழுதாவது கிடைத்ததா? வாரம் இரண்டு மாலை அவருடைய அம்மாவை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கணவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். கெஞ்ச வேண்டாம், சொல்லுங்கள். ஸ்கேன் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.