கதிர்வீச்சுக்குப் பிறகு டைலேட்டர் எதற்கு?

சகோதரி, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்து ஆறு வாரம் ஆகிறது, நர்ஸ் கொடுத்த டைலேட்டரை (யோனி சுருங்கிவிடாமல் இருக்க உள்ளே செலுத்தும் வழவழப்பான உருளை) புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன், கணவர் இறந்துவிட்ட எனக்கு இது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இரண்டு மாதம் ஒளித்துவைத்தவள்தான்.

இது தாம்பத்தியத்துக்கு மட்டுமானதல்ல. கதிர்வீச்சு பட்ட யோனிச் சுவர் வறண்டு, தழும்பு விழுந்து, மெல்லச் சுருங்கும். சிலருக்குச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு மருத்துவர் உள்ளே பார்ப்பதே கடினம். நோய் திரும்புகிறதா என்று எப்படிக் கண்காணிப்பது?

பொதுவாக 2 முதல் 8 வாரத்துக்குள், புண் ஆறியதும் தொடங்கச் சொல்வார்கள். முதலில் உங்கள் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். எனக்குக் கைவந்த வழி இது: குளித்துவிட்டு, கதவைத் தாழிட்டு, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்வேன். இருப்பதிலேயே சிறிய அளவு. நீர் சார்ந்த ஜெல்லைத் தாராளமாகத் தடவுங்கள், வாசலின் வேண்டாம். மூச்சை வெளியே விடும்போது மெதுவாகச் செலுத்துங்கள், தடுத்தால் அழுத்தாதீர்கள், பொறுங்கள். 5 முதல் 10 நிமிடம், வாரத்துக்கு 2 அல்லது 3 முறை. பிறகு சோப்பு நீரில் கழுவி உலரவிடுங்கள்.

ஜெல்லில் இளஞ்சிவப்பாகக் கறை தெரிந்து முதல் நாள் அழுதுவிட்டேன். லேசான கசிவு வழக்கம்தானாம். இரத்தம் அதிகமாக வந்தாலோ, வலி கடுமையாக இருந்தாலோ நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கிரீம் உங்களுக்குப் பொருந்துமா என்றும் அவரிடமே கேளுங்கள். கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.